ஒரு மாட்டுக்குள் இரண்டு, ஒரு மந்தைக்குள் பல
(காங்கயம் அருகே மாட்டுப் பொங்கல் விழாவில் பேசியது)

தலைமையேற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், எனக்கு எழுத்தறிவித்த வாத்தியார் ஐயா அவர்களே, பட்டியை அடைத்துவிட்டு வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, பந்தல் போட்ட தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கமுங்க.

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்போம். இதை வைத்து ரத்தம், மாடு, சொந்தத்தில் கல்யாணம் என்று மூன்று செய்தி சொல்ல வந்தேன்.

எங்கள் உறவில் ஒரு வீடு. அப்பனுக்கு ஏ வகை ரத்தம், அம்மாவுக்கு பி. பள்ளிக்கூட முகாமில் பையனுக்குப் பார்த்தால் ஓ! அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். “அப்பன்துமில்ல, ஆத்தாதுமில்ல, இது யாரு ரத்தமுங்க?” மருமகள் அடுப்படியில் அழுகிறாள். சேதி போய் அப்புச்சி பஸ் ஏறி வந்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் வாசல் நிறைய சனம். என்னைக் கூப்பிட்டார்கள். திண்ணையில் விதைகளைப் பரப்பினேன். ஆமணக்கு ஏ, புளியங்கொட்டை பி, கடலை ஓ. ஆளுக்கு இரண்டு விதைதான். அப்பனிடம் ஆமணக்கும் கடலையும், அம்மாவிடம் புளியங்கொட்டையும் கடலையும். கடலை, மற்ற விதையோடு சேர்ந்தால் வெளியே தெரியாது. பிள்ளைக்கு ஆளுக்கு ஒரு விதை கொடுப்பார்கள். இருவரும் கடலையையே கொடுத்தால் பிள்ளை ஓ. அப்பத்தா விதைகளைத் தானே மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து போய் மருமகளுக்கு ஒரு சொம்புத் தண்ணி மொண்டு கொடுத்தார். தாயைப் போல பிள்ளைதானுங்க. தாய்க்குள் மறைந்திருந்த கடலையைப் போல!

ரத்த வகைகளை வியன்னாவில் லேண்ட்ஸ்டைனர் என்ற மருத்துவர் 1901-இல் பிரித்துச் சொன்னார். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் ஒரே மரபணுவின் மூன்று வடிவங்களே காரணம் என்று 1924-இல் பெர்ன்ஸ்டைன் என்ற கணித அறிஞர் கணக்கிட்டார். நான் பரப்பிய மூன்று விதைகள் அவைதான். அந்த வடிவத்துக்கு அல்லீல் என்று பேர். மூன்று அல்லீல், ஆறு ஜோடி, ஏ, பி, ஏபி, ஓ என்று நான்கு வகை.

இனி நம்ம மாடு. மரபணுவுக்கு எத்தனை வடிவம் இருந்தாலும் ஒரு மாட்டுக்குள் இரண்டுதான் அடங்கும். மிச்சம் மந்தையில்தான் வாழ்கிறது. நோய்க்கிருமியை அடையாளம் காண உதவும் ஒரு மரபணுவுக்கு மாட்டினத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு. ஊர் முழுக்க ஒரே காளையின் சினை ஊசியைப் போட்டால் மற்ற வடிவங்கள் தலைமுறைக்குத் தலைமுறை கரைந்துபோகும். மயிலை, காரி, செவலை என்று நம்ம மாட்டின் நிறங்கள் படத்தில் இருந்தால் போதுமா? தாயைப் போல பிள்ளை வேண்டுமென்றால் தாய்கள் பலவிதமாக வேண்டுமுங்க. ஊருக்கு ஒரு பொலிகாளை போதாது. வெவ்வேறு பட்டியிலிருந்து நான்கு காளையாவது வேண்டும். அவை மேய, கிளுவை வேலியும் கொழுக்கட்டைப்புல்லும் உள்ள கொறங்காடு என்ற மேய்ச்சல் காடு வேண்டும். அதை சைட் பிரித்து விற்காதீர்கள்.

கல்யாணச் செய்திக்கு நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள். மேடைக்குக் கீழே நோட்டு இருக்கிறது. காளை வளர்க்க முன்வருகிறவர்கள், எந்தப் பட்டிக் கன்று என்பதையும் சேர்த்து எழுதிவிட்டுப் போங்கள். முதல் பேர் என்னுது.