அரை டீ கிளாஸ்கூட இல்லை

(குடியாத்தம் பக்கத்து ஊர் ஒன்றில் மகளிர் குழுக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். மைக்கில் "மாதவிடாய்" என்று சொன்னதுமே அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அண்ணன்கள் நாலைந்து பேர் பீடி பற்றவைக்கிற சாக்கில் எழுந்து போனதைப் பார்த்தேன். போகட்டும், இந்தக் குழாய் ஸ்பீக்கர் சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும்.

நம்ம ஊரில் ஒரு வேடிக்கை. பெண் வயசுக்கு வந்தால் மண்டபம் பிடித்து, அவள் போட்டோவோடு ஃபிளெக்ஸ் வைத்து, தாய்மாமன் சீர்வரிசையை மேளதாளத்தோடு தெருவெல்லாம் கொண்டுபோய், மொய் நோட்டு போட்டு எழுதுகிறோம். அடுத்த மாதம் அதே பெண் "அம்மா, பேடு தீர்ந்துபோச்சு" என்றால், "மெல்லப் பேசுடி, அப்பா இருக்காரு" என்கிறோம். ஊருக்கே தெரிஞ்ச விஷயம், அப்பாவுக்கு மட்டும் தெரியக்கூடாதாம்!

எனக்கு 13 வயதில் வந்தது. தென்னை ஓலையில் குச்சு கட்டி உட்கார வைத்தார்கள், உளுந்தங்களியும் நல்லெண்ணெயுமாக ஊட்டினார்கள், மஞ்சள் தண்ணி ஊற்றினார்கள். இது மாசாமாசம் வரும் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. சடங்கு முடிந்ததும் அதுவும் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை வகுப்பில் பாவாடை நனைந்தபோது எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல், பெஞ்சை விட்டு எழுந்திருக்காமலே சாயங்காலம் வரை இருந்தேன்.

சரி, இதோ ஒரு டீ கிளாஸ். உள்ளே இருப்பது பீட்ரூட் சாறு கலந்த தண்ணி, 40 மில்லி, அரை கிளாஸ்கூட இல்லை. மூன்று நாள், ஐந்து நாள் சேர்த்து ஒரு பெண்ணுக்குப் பொதுவாகப் போகும் ரத்தம் ஏறக்குறைய இவ்வளவுதான். இது அழுக்கும் இல்லை, உடம்பின் கெட்ட ரத்தமும் இல்லை. மாசாமாசம் கர்ப்பப்பை, பிள்ளை தங்கினால் இருக்கட்டும் என்று உள்ளே மெத்தை மாதிரி ஒரு படலம் விரிக்கிறது. பிள்ளை தங்காவிட்டால் அந்தப் படலம் கழன்று வருகிறது. அதை வெளியே தள்ள கர்ப்பப்பை இறுகிச் சுருங்குவதால்தான் வயிற்று வலி. வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், "நாங்கள்லாம் தாங்கலையா" என்று மட்டும் சொல்லாதீர்கள். வயசுக்கு வந்த முதல் ஒன்றிரண்டு வருஷம் தேதி முன்னே பின்னே ஆவது சகஜம். ஆனால் மணிக்கு ஒரு பேடு முழுக்க நனைந்தாலும், ஏழு நாளைத் தாண்டிப் போனாலும், பள்ளிக்கூடம் போகமுடியாத அளவுக்கு வலித்தாலும் டாக்டரிடம் காட்டவேண்டும். வெளுத்துப்போய், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற பிள்ளைகளைப் பார்க்கிறோமே, பலருக்கும் ரத்தசோகைதான். மாசம் எத்தனை நாள் போகிறது என்று யாரும் கேட்டதில்லை, அதனால் அவர்களும் சொன்னதில்லை.

நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஒன்பது வருஷம் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தேன். பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கேட்கவேண்டும், அவர் ஆம்பளை. அதற்குப் பயந்தே காலையில் வைத்த பேடை சாயங்காலம் வரை மாற்றாமல் இருந்து, தொடையிடுக்கு புண்ணாகி, பஸ்ஸில் உட்காரமுடியாமல் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்த நாள் எத்தனையோ. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடணும் என்பதெல்லாம் ரொம்பப் பின்னாடிதான் எனக்குத் தெரியும்.

துணி வைப்பது தப்பில்லை. சோப்பு போட்டு அலசி நன்றாகக் காய்ந்தால் போதும். ஆனால் எங்கே காயப்போடுகிறோம்? வேலூர் வெயிலில் வத்தல் காய்கிறது, வடகம் காய்கிறது, மொளகா காய்கிறது. அந்தத் துணி மட்டும் பாத்ரூம் மூலையில், பாவாடைக்கு அடியில் ஈரத்தோடு கிடக்கிறது. இந்த ஊரில் பைசா செலவில்லாமல் கிடைக்கிற ஒரே மருந்து வெயில்தான், அதையும் மறைத்துவிட்டோம்.

2018இல் நாப்கினுக்கு இருந்த 12 சதவீத ஜிஎஸ்டியை எடுத்துவிட்டார்கள். கடைக்காரர் அதைச் சுற்றிக் கொடுக்கிற பேப்பரும் கறுப்பு கவரும்தான் இன்னும் போகவில்லை. என் பையனை நான்தான் கடைக்கு அனுப்புகிறேன். முதல் தடவை சட்டைக்குள் ஒளித்து எடுத்துவந்தான். இப்போது மஞ்சப்பையில் தக்காளிக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு வருகிறான்.

அப்புறம், இந்த பீட்ரூட் தண்ணியை ஒரு பேடில் ஊற்றிக் காட்டப்போகிறேன். பசங்க எல்லாம் முன்னால் வந்து உட்காருங்க. வேப்பமரத்து அண்ணன்களே, பீடி முடிஞ்சிருந்தா நீங்களும் வாங்க, நாற்காலி காலியாத்தான் இருக்கு.