வரததாசரின் குரல்

தனித்தன்மை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பொதுவாகப் பேசினால் எனக்கே தூக்கம் வந்துவிடும். அதனால் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன்: கர்நாடக சங்கீதப் பாடகர் எம்.டி. ராமநாதன்.

1923இல் பாலக்காட்டுப் பக்கம் மஞ்சப்பராவில் பிறந்தவர். இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டுச் சென்னைக்கு வந்து, கலாக்ஷேத்ரா கலைப்பள்ளியில் ‘டைகர்’ என்று பெயர்பெற்ற வித்வான் வரதாச்சாரியாரிடம் பாட்டுக் கற்கச் சேர்ந்தார். அது பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களுக்கு, அந்த அதிவேக ஸ்வர உருட்டல்களுக்கு, ஊரே மயங்கிக் கிடந்த காலம். இவருக்கு வாய்த்ததோ கனத்த, தாழ்ந்த சாரீரம். அதை வைத்துக்கொண்டு யாரோடு போட்டி போடுவது?

குரலை ஒளித்துக்கொண்டு ஊரோடு ஓடியிருக்கலாம். ‘நான் வேற மாதிரி’ என்று முறுக்கிக்கொண்டும் நின்றிருக்கலாம். இரண்டாவது ஆசை நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும்தான். அவரோ குருவின் காலடியில் உட்கார்ந்தார். டைகருக்கும் இனிமையான சாரீரம் கிடையாது. மனோதர்மத்தால், அதாவது அந்தந்த நேரத்துக் கற்பனையில் பாடும் திறனால், பெயர் வாங்கியவர். குரல் கைகொடுக்காதபோது எதைப் பிடித்துக்கொள்வது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் ஏது?

ராமநாதனின் சஹானா ராக ஆலாபனையை, பாட்டுக்கு முன் ராகத்தை மட்டும் விரிப்பதை, கேளுங்கள். ராகத்தின் ஒரு சின்னத் துணுக்கைப் பாடுவார், நிறுத்துவார். தம்பூரா மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மறந்துவிட்டாரோ என்று நமக்குப் பதற்றமாக இருக்கும். அப்புறம் அதே ரிஷப ஸ்வரத்துக்கு வேறொரு பக்கமாக வந்து சேர்வார். மந்தர ஸ்தாயியின் தாழ்ந்த ஸ்வரங்களில் இறங்கினால் அவசரமே இல்லாமல் அங்கேயே உலாவுவார். இதைத் தாங்க முடியாமல் ‘இழுவை’ என்றவர்களும் உண்டு. 1974இல் பத்மஸ்ரீ வந்தது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கடைசிவரை வரவில்லை. 1984இல் போய்விட்டார்.

எனக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். அவர் நிறையக் கீர்த்தனைகள் இயற்றியிருக்கிறார். அவற்றில் கையெழுத்து போல வைத்த முத்திரை ‘வரததாச’. அதாவது வரதாச்சாரியாரின் அடிமை. இரண்டு நொடி கேட்டாலே யாரென்று தெரிகிற குரல், தன் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டிய இடத்தில் குருவின் பெயரைப் போட்டது.

இப்போது அவரைப் போலப் பாடிப் பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். துரிதமும் நன்றாக வரும் குரல், ஆனாலும் வேண்டுமென்றே இழுப்பார்கள். டைகரின் பாட்டை ராமநாதன் அப்படி நகலெடுக்கவில்லை. ராகத்தை யோசிக்கும் விதத்தை எடுத்துக்கொண்டார், அதைத் தன் தொண்டைக்கு ஏற்ப வைத்துக்கொண்டார்.

சரி, அந்தச் சஹானாவைக் கொண்டுவந்திருக்கிறேன், போடச் சொல்கிறேன். இந்த ஸ்பீக்கரில் மந்தர ஸ்வரங்கள் கேட்குமா என்பதுதான் சந்தேகம். பின்வரிசைக்காரர்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள்.