ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வீட்டுக் கல்யாண வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த நூலகர் ஐயா அவர்களே, இடமில்லாமல் ஓரத்தில் நிற்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

உடம்பின் சில புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்திச் செய்யும் சீன வைத்தியம் அக்குபங்சர். அது கர்ப்பிணியை எப்படிப் பார்க்கிறது? மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: ஊசி போடக் கூடாத புள்ளிகள், மசக்கை வாந்தி, தலை திரும்பாத குழந்தை. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது நான் எந்த மேடையிலும் சொல்வது. இன்றைக்கு அது ஊசிக்கு.

ஐந்தாம் நூற்றாண்டுச் சீனா. லியூ சொங் வம்சத்தில் சின்ன வயதிலேயே அரியணை ஏறிய ஒரு அரசன். நாடி பார்ப்பதில் தான் கெட்டிக்காரன் என்று நினைப்பு. பூங்காவுக்குப் போகிறான், எதிரே ஒரு கர்ப்பிணி. நாடி பார்த்து, "பெண் குழந்தை" என்கிறான். கூட இருந்த வைத்தியர் ஷூ வென்போ, "இரட்டை; ஒன்று ஆண், ஒன்று பெண். ஆண் இடப்பக்கம், கொஞ்சம் சிறியது" என்கிறார். அரசனுக்குப் பொறுக்குமா? வயிற்றைக் கிழித்தே பார்த்துவிடலாம் என்றான்! வென்போவுக்கு மனம் பதறியது. கத்தி வேண்டாம், ஊசியே போதும் என்று கெஞ்சி, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள ஹெகு, உள் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே உள்ள சான்யின்ஜியாவ், இரண்டிலும் குத்தினார். கரு இறங்கியது. வைத்தியர் சொன்னபடி ஆணும் பெண்ணும். 'தென் வம்சங்களின் வரலாறு' என்ற பழைய சீன நூலில் உள்ள கதை இது; புள்ளிகளின் பெயரை மட்டும் பிற்கால நூல்கள் சொல்கின்றன. நடந்ததோ இல்லையோ, இந்த இரு புள்ளிகளும் கர்ப்பிணிக்கு ஆகாதவை என்ற தடைக்குப் பிற்கால மருத்துவர்கள் காட்டும் சாட்சி இதுதான்.

சரி, அந்தப் பெண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அவள் பெயர்கூட ஏட்டில் இல்லை. வைத்தியர் பெயர் இருக்கிறது, ராஜா பெயர் இருக்கிறது.

அதனால்தான் என் கோரிக்கை. நம் ஊரில் அக்குபங்சர் ஊசி போடும் ஒவ்வொரு இடத்திலும் 'கர்ப்பமாக இருந்தால் முதலில் சொல்லுங்கள்' என்று பலகை மாட்ட வேண்டும். நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்காமல் ஊசியைத் தொடவே கூடாது. எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். பேறுகால மருத்துவரை விட்டுவிட்டு ஊசியையே நம்பி இருக்கவும் கூடாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே!

மசக்கைக்கு, உள்பக்க மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாணுக்கு நடுவில் நெய்குவான் என்ற புள்ளி. விரலால் அழுத்தினாலே போதும் என்பார்கள். மூன்றாவது, தலை திரும்பாத குழந்தைக்குக் கால் சுண்டுவிரல் நகத்தோரம் மாசிபத்திரிச் சூடு காட்டுவது... தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். அதைக் கேள்வி நேரத்தில் கேளுங்கள். கையெழுத்துத் தாள் வாசல் மேஜையில் இருக்கிறது. ஆண்களும் போட வேண்டும்.