போடத்தான் தைத்தார்கள்!

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். இரு அணியினருக்கும் வணக்கம். முன்வரிசையில் கைக்குட்டையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் அம்மாவுக்குத் தனி வணக்கம். நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை அம்மா.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். ‘1940, 50களின் பெண்கள் மேல்சட்டைகள்: உடுத்தவா, பாதுகாக்கவா?’ புடவைக்குப் போடும் ரவிக்கையைப் பற்றியது அல்ல. மேலை நாட்டுப் பெண்கள் பாவாடைக்கும் பேண்டுக்கும் மேலே போட்ட ப்ளவுஸ்களைப் பற்றியது. உடுத்தத்தான் என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் ஐயா அருமையாகப் பேசினார். துணி நாள்பட்டால் இற்றுப்போகும், வெளிச்சம் பட்டால் வெளுக்கும், வியர்வை பட்டால் கக்கத்தில் கிழியும் என்றார். எல்லாம் உண்மை. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னார் பாருங்கள். “செத்தவங்க சட்டையைத் தேடிப்பிடிச்சுப் போட்டுக்கிறதுக்கு ஒரு அணி, அதுக்கு ஒரு தலைவி!” நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் தட்டினார்கள் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

ஐயா, அந்தச் சட்டைக்காரி செத்துவிட்டாள் என்று உங்களுக்கு யார் சொன்னது? 1955இல் இருபது வயதில் அதை வாங்கியவளுக்கு இன்று தொண்ணூறை ஒட்டி இருக்கும். ஆரோக்கியமாக இருப்பாள். உங்களையும் என்னையும் வழியனுப்பிவிட்டுத்தான் கிளம்புவாள்.

சரி, செத்தே போகட்டும். செத்தவர் கட்டிய வீட்டில் குடியிருக்கலாம். செத்தவர் எழுதிய பாட்டைப் பாடலாம். செத்தவர் சேர்த்த சொத்துக்குக் கோர்ட்டுக்கே போகலாம். சட்டையைப் போட்டால் மட்டும் தீட்டா? அதுவும் போகட்டும். நீங்கள் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொல்கிறீர்களே, அது யார் சட்டை? அதே செத்தவர் சட்டைதானே! நாங்களாவது போட்டுக்கொண்டு நாலு இடத்துக்குப் போகிறோம். நீங்கள் அதைப் படுக்கவைத்து, விளக்குப் போட்டு, சுற்றி நின்று மெதுவாகப் பேசுகிறீர்கள். இதில் சாவு வீட்டுக்காரர் யார் ஐயா?

இந்தக் கேலிக்கு இன்னும் நல்ல பதில் என் தோழியிடம் இருக்கிறது. அதற்கு அவள் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பழைய துணி விற்கிற கடை ஒன்றில் ஐம்பதுகளின் ப்ளவுஸ் ஒன்றை அவள் பார்த்தாள். வெள்ளைப் பருத்தி, வட்டமான சின்னக் காலர், இடுப்பில் சிக்கென்று பிடிக்கிற தையல். அளவுச் சீட்டில் 16 என்று இருந்தது. இவள் வழக்கமாகப் போடுவது 12. ‘தொளதொள என்றுதான் இருக்கும், பிடித்துக்கொள்ளலாம்’ என்று உள்ளே போனாள்.

அங்கேதான் வினை. அமெரிக்காவில் 1939, 40இல் சுமார் 15,000 பெண்களை நிற்கவைத்து, ஆளுக்கு 59 இடங்களில் அளந்தார்கள். இன்று நமக்கு எஸ், எம், எல் என்று மூன்று எழுத்தில் கதை முடிந்துவிடுகிறது! அந்தக் கணக்கை வைத்து 1958இல் ஒரு தர அளவு வெளியிட்டார்கள். அதில் 8 என்றால் மார்பளவு 31 அங்குலம். இன்று பல கம்பெனிகளில் 8 என்றால் 35, 36. நாம் பெருக்கப் பெருக்க, மனசு நோகக் கூடாதென்று எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அந்தக் காலத்து 16 இந்தக் காலத்து 12ஐவிடச் சின்னது.

என் தோழிக்கு இது தெரியாது. இரண்டு கையையும் விட்டாள், தலையையும் விட்டாள். இழுத்தாள். நின்றுவிட்டது. மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை. மேலே இரண்டு கை, நடுவில் துணி, கீழே என் தோழி.

வெளியிலிருந்து கடைப்பெண் கேட்கிறாள், “நல்லா இருக்கா மேடம்?”

உள்ளேயிருந்து, “ம்ம்.”

“அளவு சரியா இருக்கா?”

“ம்ம்ம்ம்!”

நடுவர் ஐயா, சிரிக்காதீர்கள், அவள் இன்னும் வெளியே வரவில்லை. அந்த அறைக் கதவு குட்டை. வெளியே நிற்பவளுக்குக் கதவுக்கு மேலே இரண்டு கை மட்டும் தெரிகிறது. வேறு சட்டை கேட்டுக் கை நீட்டுகிறாள் போலிருக்கிறது என்று ஒரு நீலச் சட்டையை எடுத்து வந்து ஒரு கையில் மாட்டினாள். கை ஆடியது. நீலம் பிடிக்கவில்லை போல என்று இன்னொரு கையில் பச்சையை மாட்டினாள். இரண்டு கையும் வேகமாக ஆடின. உடனே கடைப்பெண் என்ன சொன்னாள் தெரியுமா? “மேடத்துக்கு ரெண்டுமே பிடிச்சிருக்கு, பில் போடுங்க!”

கடைசியில், கடைக்கு வந்திருந்த ஒரு பாட்டி கதவைத் தட்டி உள்ளே போனார். நரைத்த தலை, கையில் தடி. சட்டையின் இடப்பக்கத் தையலுக்குள் ஒரு மடிப்பு. அதற்குள் ஒளிந்திருந்த உலோக ஜிப்பை ஒரே இழுப்பு. சட்டை விட்டுக்கொடுத்தது. “இதத் திறந்துட்டுத்தான் தலையை விடணும் கண்ணு. நாங்கள்லாம் அப்படித்தான் போட்டோம்.”

எதிரணித் தலைவர் அவர்களே, செத்தவங்க, செத்தவங்க என்றீர்களே, அந்தச் செத்தவங்கதான் வந்து என் தோழியை உயிரோடு மீட்டார்!

கைதட்டலுக்கு நன்றி. இப்போது தட்டியவர்களை மன்னித்துவிட்டேன்.

அந்தச் சட்டையின் கக்கத்தைப் பாருங்கள். கையும் உடலும் ஒரே துணியாக வெட்டித் தைத்த வகை அது. அப்படித் தைத்தால் கையைத் தூக்கும்போது சட்டையே கூட எழும்பும். அதற்காகக் கக்கத்தில் வைர வடிவில் ஒரு சின்னத் துண்டைக் குறுக்கிழையாக வைத்துத் தைத்திருப்பார்கள். மேசையில் விரித்துப் போட்டால் அது சும்மா ஒரு சுருக்கம். போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால்தான் விரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் எந்தச் சட்டை கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறது?

மணி அடித்துவிட்டார்கள். இற்றுப்போகும் என்றதற்கு ஆற அமரப் பதில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். போகட்டும். ரேயான் நனைந்தால் வலுவிழக்கும், முறுக்கிப் பிழியாதீர்கள். பழைய நைலானில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். அவ்வளவுதான் பதில்.

ஐயா, இன்னும் ஒரு நிமிடம் கொடுங்கள். என்னிடம் நாற்பதுகளின் ப்ளவுஸ் ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் தைத்தது. அங்கே 1941 ஜூன் முதல் தேதி துணிக்கு ரேஷன் வந்தது. முதல் வருடம் ஆளுக்கு 66 கூப்பன். ஒரு கம்பளிக் கவுனுக்கே 11 போய்விடும். போர் முடிந்தும் விடவில்லை, 1949 மார்ச்சில்தான் எடுத்தார்கள். அதுவரை, கூப்பன் இல்லாமல் கிடைத்த பாராசூட் துணியில்கூட ப்ளவுஸ் தைத்துப் போட்டார்கள்.

என் ப்ளவுஸின் காலரைப் பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். பாவாடைக்குள் சொருகுகிற கீழ்ப்பகுதியை வெளியே எடுத்தால்தான் விஷயம் தெரியும். காலர் நைந்ததும், அன்று இதைப் போட்டவள் அந்தக் கீழ்ப்பகுதியிலிருந்து துணி வெட்டிப் புதுக் காலர் தைத்திருக்கிறாள். வெட்டிய இடத்தில், வெளியே தெரியாது என்ற தைரியத்தில், நீலக்கோடு போட்ட வேறு துணியை ஒட்டுப் போட்டிருக்கிறாள். ஆண்கள் சட்டைத் துணி. பக்கத் தையலில் இரண்டு வரிசை ஊசித்துளை. ஒரு தரம் பிரித்து அகலமாக்கி, மறுபடியும் உள்ளே பிடித்திருக்கிறாள். பிள்ளை உண்டாகியிருந்தாளா? அப்புறம் ஏன் இளைத்தாள்? அந்த நீலக்கோட்டுச் சட்டைக்காரன் திரும்பி வந்தானா, இல்லை இனி அவனுக்குத் தேவைப்படாது என்றுதான் அந்தச் சட்டையில் கத்தரி வைத்தாளா?

விளக்கடியில் உட்கார்ந்து அவள் போட்ட ஒவ்வொரு தையலும், இதை இன்னும் ஒரு வருஷம் போட வேண்டும் என்பதற்காகப் போட்டது. நான் அதைப் போடும்போதெல்லாம் அவள் கேட்ட வருஷத்தோடு ஒரு வருஷம் சேர்கிறது. அதைக் கழற்றி, எண் ஒட்டி, பெட்டியில் பூட்டு என்று சொல்ல எதிரணிக்கு மனசு வருமென்றால், தீர்ப்பை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள் ஐயா. நான் மேல்முறையீட்டுக்கு வர மாட்டேன். வணக்கம்.