கணித வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை நடந்தவர்

விழாத் தலைவர் அவர்களே, அலுவல்களை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, பொன்னாடை போர்த்தி இந்தக் கொடைக்கானல் குளிருக்கு உண்மையாகவே உதவிய வரவேற்புக் குழுவினரே, மகளிர் பல்கலைக்கழகப் பேராசிரியைகளே, பூம்பாறையிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் பேருந்தில் நின்றபடியே வந்து சேர்ந்த மாணவியரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கணிதப் பேராசிரியராக இருந்து பல்கலைக்கழகம் கண்ட தோண்டோ கேசவ் கார்வே அவர்களின் கணிதம், நிர்வாகம், நடை என்னும் மூன்றைப் பற்றியும் நான் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். 'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்ற பழமொழியில் வரும் அடியைக் காலடி என்றே பொருள்கொள்வது கணக்கு வாத்தியாராகிய என் வழக்கம் என்பதால், நடையிலிருந்தே தொடங்குகிறேன்.

1858-இல் மகாராஷ்டிரத்தின் இரத்தினகிரி மாவட்டத்தில் பிறந்த கார்வே, சிறுவயதில் ஒரு தேர்வு எழுதச் சதாராவுக்குப் போக வேண்டியிருந்தது. 100 மைலுக்கு மேல். இங்கிருந்து மதுரைக்கு நடந்தாலும் அத்தனை தூரம் வராது. மழையில் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து, கால் வீங்க நடந்து போய் நின்றால், இந்தப் பையனுக்குப் பதினேழு வயது இருக்காது என்று உருவத்தைப் பார்த்தே சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் சான்று இருந்தது. உடம்பில் உயரம்தான் இல்லை. பின்வரிசையில் சிரிக்கும் மாணவியரே, அந்தப் பையன் பிறகு தேர்வு எழுதித் தேறினார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மி நகர்ந்தது.

புனே பெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த திலகர் விலகிய பின், 1891-இல் கோகலே அழைத்ததன் பேரில் அங்கே கணிதம் கற்பிக்கச் சேர்ந்த கார்வே, 1914 வரை பணியாற்றினார். 1893-இல் கைம்பெண் ஒருவரை மணந்ததற்காக ஊர் அவரை ஒதுக்கியது. 1896-இல் கைம்பெண்களுக்கென இல்லம் தொடங்கினார். அது ஹிங்கணே என்னும் சிற்றூருக்கு மாறிய பிறகு, கல்லூரி முடிந்ததும் சேற்றுப் பாதையில் மைல் கணக்காக நடந்துபோய் அங்கும் பாடம் சொல்லித் திரும்புவார். நடந்தவர் ஆசிரியர், மாணவியரை நடக்கவிடவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

ஜப்பானிய மகளிர் பல்கலைக்கழகம் பற்றிய ஒரு சிறு வெளியீடு அவரைத் தூண்ட, 1916-இல் இந்தியாவின் முதல் மகளிர் பல்கலைக்கழகத்தை நிறுவினார். முதலாண்டில் ஐந்தே மாணவியர். பயிற்றுமொழி அவர்களின் தாய்மொழி. 1920-இல் தாக்கர்சி குடும்பத்தின் 15 லட்சம் ரூபாய் நன்கொடை வந்தது. 1958-இல், நூறு வயதில், பாரத ரத்னா பெற்றார். அவருடைய நிர்வாகத் திறமையை விரிவாகச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் ஐந்து மாணவியர் என்றதும் என் மனம் மன்னவனூருக்குப் போய்விடுகிறது.

1984-இல் இதே மலையில் பெண்களுக்கென ஒரு பல்கலைக்கழகம் வந்தது. ஆயினும் மாலை வகுப்பு முடியும் நேரத்துக்கு மேல்மலை ஊர்களுக்கு ஏற்ற பேருந்து இல்லையென்றால், பிளஸ் டூவில் கணிதத்தில் முதலிடம் பெறும் பெண்ணும் உருளைக்கிழங்குக் காட்டுக்குத்தான் போவாள். உரியவர்களிடம் மூன்று முறை மனுக் கொடுத்துவிட்டோம். நான்காவது மனு மண்டப வாசலில் மேசைமேல் இருக்கிறது. கணிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை என்பதைத் தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும். மன்னவனூர் வண்டி புறப்பட இன்னும் இருபது நிமிடமே இருக்கிறது; அந்த மாணவியர் முதலில் கையெழுத்திட்டுவிட்டுக் கிளம்பட்டும்.