இதயப்புழு: மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் இடையே உள்ள மாதங்கள்

[காட்சி: வீவக அடுக்குமாடியின் கீழ்த்தளம். மாலை நேரம். புல்தரையை முகர்ந்தபடி நடக்கும் நாய்.]

வணக்கம். டெங்கிக்கு அஞ்சிப் பூந்தொட்டித் தட்டுகளையும் மூங்கில் கழி செருகும் குழாய்களையும் தவறாமல் பார்த்துவிடுகிறோம். ஆனால் கொசுக்கடி நம் நாய்க்கு என்ன செய்யும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சிங்கப்பூரில் கொசு ஓயும் பருவம் என்று ஒன்று கிடையாது. ஆகவே கொசுவால் பரவும் இதயப்புழுவைத் தடுப்பதும் 12 மாதங்களும் செய்யவேண்டிய வேலை.

[வரைபடம்: கொசுவிலிருந்து நாயின் இதயம் வரை.]

டைரோஃபிலேரியா இம்மிட்டிஸ் என்பது இப்புழுவின் பெயர். தொற்றுள்ள நாயின் இரத்தத்தோடு கொசுவுக்குள் போகும் நுண்புழுக்கள், அதாவது இப்புழுவின் குஞ்சுகள், நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் தொற்றும் நிலையை அடைகின்றன. அக்கொசு வேறொரு நாயைக் கடிக்கும்போது, கடிவாய் வழியே தோலுக்குள் இறங்கி, தசைகளினூடே வளர்ந்தபடி பயணம் செய்து, நுரையீரல் தமனிகளில் குடியேறி, 6 அல்லது 7 மாதங்களில் இனப்பெருக்கம் செய்யத் தொடங்கிவிடுகின்றன. முதிர்ந்த பெண்புழு இடியாப்ப இழையைப் போல மெலிந்து, 25 முதல் 30 செ.மீ. வரை நீண்டிருக்கும், 5 முதல் 7 ஆண்டுகள் உயிரோடிருக்கும். இருமலும், சிறிது நடந்தாலே வரும் களைப்பும், எடைக்குறைவும் நம் கண்ணில் படும்போது தமனிகள் பெரும்பாலும் பழுதடைந்திருக்கும்.

[காட்சி: நாட்காட்டி. ஒரு தேதி வட்டமிடப்படுகிறது.]

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான். மாதந்தோறும் கொடுக்கும் மாத்திரையோ கழுத்தில் இடும் சொட்டுமருந்தோ கொசுக்கடியைத் தடுப்பதில்லை. கடந்த ஒரு மாத காலத்தில் உள்ளே நுழைந்த இளம்புழுக்களைக் கொல்கிறது. ஏறத்தாழ இரண்டு மாதம் வளர்ந்துவிட்ட புழுவிடம் அம்மருந்தை நம்ப முடியாது. பரிசோதனையோ முதிர்ந்த பெண்புழு வெளியிடும் புரதத்தைத் தேடுவதால், தொற்று ஏற்பட்டு ஏறத்தாழ 6 மாதங்கள் கழிந்த பின்னரே அதைக் காட்டும். இடைப்பட்ட மாதங்களில் நாய்க்குள் இருக்கும் புழு மாத்திரைக்கும் சிக்குவதில்லை, பரிசோதனைக்கும் தெரிவதில்லை. ஒரு மாத்திரையைத் தவறவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களிடம் நான் இந்த இடைவெளியைத்தான் சொல்வேன்.

[நெருக்கக் காட்சி: மருத்துவரின் மேசை.]

பரிசோதனை எளியது. முன்காலில் சிறிது முடியை மழித்து இரத்தம் எடுத்து, சில துளிகளைச் சோதனைப் பெட்டியில் இட்டு, பத்து நிமிடம் அளவில் காத்திருப்பார்கள். முடிவு பாசிட்டிவ் என வந்தால், இரண்டாம் சோதனையால் அதை உறுதிசெய்து, நுண்புழு உண்டா என்று நுண்ணோக்கியிலும் பார்ப்பார்கள். வளர்ந்த நாய்க்குச் சோதித்த பிறகே தடுப்பு மருந்தைத் தொடங்கவேண்டும். ஏனெனில் இரத்தத்தில் நிறைய நுண்புழுக்கள் இருந்து அவை ஒரே நேரத்தில் மடிந்தால், நாய் அதிர்ச்சி நிலைக்குப் போகக்கூடும். 7 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்குச் சோதனையின்றியே, 8 வார வயதுக்குள் தொடங்கலாம். அதன்பின் ஆண்டுக்கொருமுறை சோதனை போதும். மாதாமாதம் நினைவில் வைத்திருக்க முடியாதவர்கள் நெடுநாள் வேலை செய்யும் மொக்ஸிடெக்டின் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கோலி இன நாய் வளர்ப்பவர்கள் இனத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவற்றுள் சிலவற்றின் உடல், மரபணு காரணமாக, சில தடுப்பு மருந்துகளில் இருக்கும் ஐவர்மெக்டின் அளவு கூடினால் தாங்காது. மாடு, ஆடுகளுக்கான ஐவர்மெக்டினை வீட்டில் அளந்து கொடுப்பதை நான் அறவே வேண்டாம் என்பேன்.

[காட்சி: கூண்டில் ஓய்வெடுக்கும் நாய்.]

முதிர்ந்த புழுக்களைக் கொல்ல மெலார்சோமின் என்னும் ஆர்செனிக் கலந்த மருந்தை இடுப்புத் தசையில் ஆழமாகச் செலுத்தவேண்டும். செத்த புழுவின் துண்டுகள் நுரையீரல் இரத்தக் குழாயை அடைத்துவிடும் அபாயம் இருப்பதால், துள்ளித் திரிந்த நாயை மாதக்கணக்கில் ஓடவிடாமல் அடக்கி வைத்திருக்க நேரிடும். அந்நாட்களில் நாயும் தவிக்கும், வீட்டாரும் தவிப்பார்கள்.

[நெருக்கக் காட்சி: உள்ளங்கையில் ஒரு மாத்திரை.]

மாத்திரையைக் கொடுத்த பின் வாயைத் திறந்து கன்னத்தின் உட்புறத்தைப் பாருங்கள். பல நாய்கள் அதை அங்கே ஒதுக்கி வைத்திருந்து, பிறகு சோபாவுக்குப் பின்னால் துப்பிவிடுகின்றன. வாந்தி எடுத்தாலோ, ஒரு மாதம் விடுபட்டாலோ, அன்றைக்கே மருத்துவரை அழைத்து, அடுத்த மாத்திரையை எப்போது கொடுப்பது என்று கேட்டு, ஆறு மாதம் தள்ளி ஒரு பரிசோதனைக்கும் நாள் குறித்துக்கொள்ளுங்கள்.