எடை கூடும் சுண்டெலியும் ஈனாமல் போகும் இணைகளும்

வணக்கம். வேகமாக வளரும் சுண்டெலிகளையே தலைமுறைதோறும் பொறுக்கி இணைசேர்த்தால் அவற்றின் கருவளம் என்னவாகும் என்பதை இன்று பார்ப்போம். 21 நாளில் தாய்ப்பால் மறக்கும் குட்டிகளை ஆறாவது வாரத்தில் எடைபோட்டு, கனத்தவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக வைத்துக்கொள்வது இதற்கான வழக்கமான முறை. எடின்பரோவில் மரபியலாளர் டக்ளஸ் ஃபால்கனர் 1950களில் இப்படித்தான் செய்தார். ஜெர்மனியின் டம்மர்ஸ்டோர்ஃபில் நூறு தலைமுறைகளையும் தாண்டித் தொடர்ந்த இத்தகைய தெரிவில், ஆறு வார எலியின் எடை சாதாரண எலியின் எடையைப்போல் இரு மடங்கைக் கடந்துவிட்டது.

பெருத்த எலி குறைவாகக் குட்டி போடும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அப்படிச் சொல்லிவிட முடியாது. பெரிய பெண் எலியின் சூலகம் ஒரே சுழற்சியில் அதிகக் கருமுட்டைகளை வெளியிடுகிறது. சூலகத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், முட்டை வெளியேறிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு உருண்டை எழும்பி நிற்பது தெரியும். அதற்குக் கார்பஸ் லூட்டியம் என்று பெயர். அவற்றை எண்ணிவிட்டு, கருப்பையின் இரு கொம்புகளிலும் வரிசையாக அமர்ந்திருக்கும் கருக்களையும் எண்ண வேண்டும். உருண்டைகள் 16, கருக்கள் 10 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் போன ஆறும் கருவுறாத முட்டைகளாகவோ கலைந்துபோன கருக்களாகவோ இருக்கும். முட்டை கூடினாலும் குட்டி அதே அளவில் கூடாததற்கு இந்த இழப்பே காரணம்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது, ஈனாமலே போகும் இணைகள்தாம். நீண்ட காலத் தெரிவுக்குப் பிறகு, சேர்த்து வைத்தும் சினை பிடிக்காத இணைகள் பெருகுகின்றன. ஈன்ற எலிகளின் குட்டிகளை மட்டும் எண்ணிச் சராசரி போட்டால் இந்த இணைகள் கணக்கிலேயே வராமல் போய், வளர்ச்சித் தெரிவு கருவளத்தைக் கூட்டியதுபோன்ற தோற்றம் கிடைத்துவிடும். ஆகவே இணைசேர்த்த எல்லா எலிகளையும் கொண்டுதான் வகுக்க வேண்டும்.

இணைகள் ஈனாமல் போவதற்கு, வேகமாக வளரும் எலிகளின் பரம்பரையில் கொழுப்பும் சேர்கிறது என்பது ஒரு காரணம். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் கருவளத்துக்கும் வேண்டும். அது சுரக்காத, ஓபி எனப்படும் எலிகள் மிகவும் பருத்துப்போவதுடன் மலடாகவும் இருக்கின்றன. ஆனால் தெரிவு செய்த எலிகளில் லெப்டின் இல்லாமல் போவதில்லை என்பதால், அந்த எடுத்துக்காட்டை அப்படியே இங்கே பொருத்திவிடக் கூடாது.

இன்னொன்று, நெருங்கிய உறவுக்குள் இணைசேர்வதால் வரும் தளர்ச்சி. சிறிய கூட்டத்தில் சில பெற்றோரை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், எடை பார்த்துத் தெரிவு செய்யாவிட்டாலும் கருவளம் சரியும். அதனால் அதே எண்ணிக்கையில், எடையைப் பாராமல் இணைசேர்க்கும் ஒப்பீட்டுக் கூட்டம் ஒன்றை அருகிலேயே வளர்த்து, இரண்டிலும் எத்தனை இணைகள் ஈனவில்லை என்று ஒவ்வொரு தலைமுறையிலும் எண்ண வேண்டும்.